கஞ்சாவைப் பற்றி ஊரைக் கேட்ட கதை

கஞ்சா சட்டத்தைத் தளர்த்தலாமா, இன்னும் இறுக்கலாமான்னு டிவியில் நாலு பேர் உட்கார்ந்து கத்திக்கொண்டிருந்தார்கள். ஒரு மணி நேரம் பார்த்தேன். இந்த நாட்டு ஜனங்களை இதே விஷயமாக 130 வருஷத்துக்கு முன்னாடி ஒருதரம் வரிசையாக உட்கார வைத்து விசாரித்தார்கள் என்பதை ஒருத்தராவது சொல்லுவாங்களான்னு காத்திருந்தேன். யாரும் சொல்லவில்லை. சரி, நாமளே எழுதிடலாம்.

நான் எஸ்.எஸ்.எல்.சி. வரைக்கும் படித்தவன். அந்த இங்கிலீஷ் அறிக்கையை என் மகள் போனில் எடுத்துப் படித்துச் சொல்ல, ராத்திரி ராத்திரியா நான் குறிப்பு எடுத்தேன். மொத்தம் 7 பாகம், 3000 பக்கத்துக்கு மேல். எல்லாம் படித்தேன்னு பொய் சொல்லமாட்டேன். முக்கியமான இடங்களைப் படித்தோம்.

கதை லண்டனில் ஆரம்பிக்குது. வில்லியம் கெய்ன் என்று ஒரு எம்.பி. மதுவிலக்குக்காரர். 1893 மார்ச்சில் பார்லிமெண்டில் எழுந்து, வங்காளத்தில் கஞ்சாவை விற்க விடுகிறீர்களே, அதனால் ஜனங்களுக்குப் பைத்தியம் பிடிக்கிறதாமே, விசாரிக்கக் கூடாதா என்று கேட்டார். அந்தக் காலத்தில் கஞ்சா, பங்கி, சரஸ் மூன்றுக்கும் சர்க்கார் லைசென்ஸ் உண்டு, வரி உண்டு. கள்ளுக்கடை ஏலம் மாதிரி கஞ்சாக்கடையும் ஏலம் போனது. அதனால் கேள்வி கேட்டவர் ஒழுக்கத்தைப் பற்றிக் கேட்டாலும், பதில் சொல்லவேண்டியவர்கள் கையில் கல்லாப்பெட்டியும் இருந்தது. இதை மனசில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

வங்காளத்துக்கு மட்டும் கேட்ட விசாரணையை இந்திய சர்க்கார் நாடு முழுக்க விரித்தது. 1893 ஜூலையில் கமிஷன் போட்டார்கள். பேர் இந்தியன் ஹெம்ப் டிரக்ஸ் கமிஷன். தலைவர் மெக்வொர்த் யங். வெள்ளைக்கார அதிகாரிகள், ஒரு டாக்டர், அவர்களோடு மூன்று இந்தியர்கள்: ராஜா சோஷி சிகரேஸ்வர ராய், கன்வர் ஹர்னாம் சிங், லாலா நிஹால் சந்த். ஆகஸ்டில் கல்கத்தாவில் முதல் கூட்டம் போட்டவர்கள், அடுத்த வருஷம் ஆகஸ்டில் சிம்லாவில் அறிக்கையை முடித்துக் கையெழுத்துப் போட்டார்கள். ஒரே வருஷம். எங்க ஊர் ஏரி மதகு ரிப்பேருக்கு மதிப்பீடு போடவே இரண்டு வருஷம் ஆனது. அது வேற கதை.

எப்படி விசாரித்தார்கள்? 70 கேள்வி எழுதி அச்சடித்து மாகாணம் மாகாணமாக அனுப்பினார்கள். உங்க மாவட்டத்தில் இந்தச் செடி தானா முளைக்குதா, பயிர் செய்யறாங்களா? புகைக்கிறாங்களா, குடிக்கிறாங்களா? எந்த ஜாதி, எந்தத் தொழில் செய்யறவங்க? தனியாவா, கூட்டமாவா? சாமி காரியத்துக்கு உண்டா? சாப்பாடு செரிக்குமா, தூக்கம் வருமா, இருமல் வருமா? பைத்தியம் பிடிக்குமா? திருட்டு, கொலை பண்ணுவானா? கடைசியாக வைத்த கேள்விகள்தான் இன்றைக்கும் பதில் வேண்டிய கேள்விகள். தடை போட்டால் நிஜமாவே நிக்குமா, இல்லை திருட்டுத்தனமா நடக்குமா? ஜனங்களுக்குக் கோபம் வருமா? கஞ்சாவை விட்டவன் சாராயத்துக்குப் போவானா?

1193 பேர் பதில் சொன்னார்கள். எழுத்தில் கொஞ்சம் பேர், நேரில் கொஞ்சம் பேர். பெரும்பாலோர் உத்தியோகஸ்தர்களும் டாக்டர்களும்தான். பாதிரிமார், வியாபாரிகள், பயிர் வைக்கிறவர்களும் உண்டு. சிலும்பியைக் கையில் பிடித்தவனை விட, அவனைத் தூரத்திலிருந்து பார்த்தவன்தான் அதிகம் பேசியிருக்கிறான். ஊர்ப் பெண்கள் என்ன நினைத்தார்கள் என்பது அந்தப் பக்கங்களில் எங்கள் கண்ணில் படவில்லை. வீட்டில் ஒருத்தன் எதற்காவது அடிமையானால் முதல் அடி யாருக்கு விழும்னு உங்களுக்கே தெரியும். அதனால் இதை ஊர் முழுக்கக் கேட்ட விசாரணை என்று சொல்லமாட்டேன். ஆனாலும் அதற்கப்புறம் இவ்வளவு கூட யாரும் கேட்கவில்லை.

இந்த அறிக்கையில் என்னை உலுக்கிய பகுதி பைத்தியக்கார ஆஸ்பத்திரிக் கணக்கு. அன்றைக்கு ஊரெல்லாம் பேச்சு, கஞ்சா குடித்தால் பைத்தியம் என்று. ஆதாரம் என்ன? ஆஸ்பத்திரிப் பதிவேடு. அதில் ‘காரணம்’ என்று ஒரு கட்டம் இருக்கும், அதில் ‘கஞ்சா’ என்று எழுதியிருக்கும். வருஷா வருஷம் அதைக் கூட்டி ரிப்போர்ட் போட, ரிப்போர்ட்டைப் படித்தவர் எல்லாரும் நம்பினார்கள். கமிஷன்காரர்கள் ஒரு நல்ல வேலை செய்தார்கள். அந்தக் கட்டத்தை நிரப்பியது யார் என்று தேடினார்கள். பார்த்தால், தெருவில் திரிந்த ஆளைப் பிடித்துக்கொண்டு வந்த போலீஸ்காரர் சொன்னது. ஆளுக்குச் சொந்தக்காரன் இல்லை, ஊர் தெரியாது, காரணக் கட்டத்தைக் காலியாக விட்டால் மேலே கேள்வி வரும். கஞ்சா என்று எழுதினால் யாரும் கேட்கமாட்டார்கள். ஆஸ்பத்திரி குமாஸ்தா அதை அப்படியே பெயர்த்து எழுதுவார், டாக்டர் கையெழுத்துப் போடுவார்.

விவசாயிக்கு இது புதுசில்லை. எங்க கொல்லையில் மூன்று வருஷம் மல்லாட்டை போட்டேன் (மெட்ராஸ்காரங்களுக்கு வேர்க்கடலை). அடங்கலில் மூன்று வருஷமும் நெல் என்று இருந்தது. யாரும் கொல்லைக்கு வந்து பார்க்கவில்லை, போன வருஷத்துப் பக்கத்தைப் பார்த்து எழுதினார்கள். மழையில் மல்லாட்டை அழுகியபோது நிவாரணம் கேட்டுப் போனால், உன் நிலத்தில் நெல்தானே என்கிறார்கள். காகிதத்தில் இருப்பதுதான் பயிர். அதே மாதிரி காகிதத்தில் இருந்ததுதான் பைத்தியத்துக்குக் காரணம்.

கமிஷன் 1892ஆம் வருஷத்தை மட்டும் எடுத்து ஆள் ஆளாக மறுபடி விசாரித்தது. அந்த வருஷம் நாடு முழுக்க ஆஸ்பத்திரிகளில் சேர்ந்தவர்கள் 1344 பேர். அதில் 222 பேருக்குக் கஞ்சா வகைதான் காரணம் என்று பதிவேடு சொன்னது. ஊருக்கு ஆள் அனுப்பி, சொந்தக்காரர்களைக் கேட்டு, சலித்துப் பார்த்ததில் தேறினது 98. அதிலும் வேறு காரணம் எதுவும் கலக்காமல் கஞ்சா மட்டும் என்று சொல்லக்கூடியது 61. ஆக பதிவேட்டுக் கணக்கில் பாதிக்கு மேல் உதிர்ந்துவிட்டது.

கவனியுங்க, 61 என்பது பூஜ்யம் இல்லை. இன்றைக்கு ‘கஞ்சா ஒண்ணும் பண்ணாது, மூலிகை’ என்று பேசுகிற பட்டணத்துத் தம்பிகள் இந்தக் கமிஷனைத்தான் துணைக்குக் கூப்பிடுகிறார்கள். கமிஷன் அப்படிச் சொல்லவில்லை. அளவோடு எடுக்கிறவர்களுக்குப் பெரிதாகக் கெடுதல் இல்லை, அளவு மீறினால் உடம்பும் மனசும் கெடும், பலவீனமான மனசு உள்ளவனுக்குப் பைத்தியம் வரலாம் என்றது. எடுக்கிறவர்களில் அளவோடு எடுக்கிறவர்களே அதிகம் என்றும் சொன்னது.

முடிவாக, முழுத்தடை வேண்டாம் என்றார்கள். பயிரிட லைசென்ஸ், ஓரிடத்தில் சேர்த்து வைக்கக் கிடங்கு, நல்ல வரி, கடை எண்ணிக்கையைக் குறைப்பது, ஒருத்தன் கையில் எவ்வளவு இருக்கலாம் என்று வரம்பு. தடை போட்டால் சாமியார்கள், பக்தர்கள் மனம் புண்படும், காட்டுச்செடியைக் காவல் காக்க முடியாது, இதை விட மோசமான வஸ்துவுக்கு ஜனங்கள் போவார்கள் என்று காரணம் சொன்னார்கள். வரி வருமானம் போய்விடும் என்பது காரணப் பட்டியலில் முன்னாடி இல்லை. அது எல்லார் மனசிலும் இருந்திருக்கும் என்பது என் அபிப்பிராயம். இன்னொன்று: இரண்டு இந்திய உறுப்பினர்கள், ராஜா சோஷி சிகரேஸ்வர ராயும் லாலா நிஹால் சந்தும், பெரும்பான்மை முடிவோடு ஒத்துப்போகாமல் தனியாகக் குறிப்பு எழுதிச் சேர்த்தார்கள். ‘வெள்ளைக்காரன்தான் நம்ம கஞ்சாவைத் தடை பண்ணினான்’ என்று ஒரு பேச்சு சுற்றுகிறதே, அதை நம்புகிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கணும்.

இந்த விஷயத்தில் எனக்கு ஏன் இவ்வளவு ஆர்வம் என்றால், அறிக்கையில் எங்க மலை வருது. மதராஸ் மாகாணத்தில் கஞ்சா பயிராகிற இடங்களில் வட ஆற்காடு ஜில்லா ஜவ்வாது மலையும் ஒன்று. என் கொல்லை மேட்டில் நின்றால் அந்த மலைதான் தெரியும். இன்றைக்கு மேலே சாமை, புளி, பலா, தேன். நாங்க சந்தையில் வாங்குகிற சாமை அங்கிருந்துதான் இறங்குது.

பயிர் முறை படிக்கப் படிக்க ஒரு விவசாயியாக எனக்கு ருசியாக இருந்தது. அந்தக் காலத்தில் பேர்பெற்ற கஞ்சா வங்காளத்தில் நவ்காவ் என்ற இடத்தில் விளைந்தது, இப்போது அது வங்கதேசத்தில் இருக்கிறது. நாற்று விட்டு, பிடுங்கி, நடுவார்கள். அதில் ஆண் செடி, பெண் செடி தனித்தனி. ஆண் பூத்து மகரந்தம் விழுந்துவிட்டால் பெண் செடி விதை பிடித்துவிடும், சரக்கு கெட்டுவிடும். அதனால் பூக்கும் முன்னாடியே ஆண் செடியைக் கண்டுபிடித்துப் பிடுங்கணும். அதற்கென்றே தொழில் தெரிந்த ஆள் உண்டு, கஞ்சா டாக்டர் என்றே சொல்லுவார்களாம். கூலி கொடுத்துக் கூப்பிடுவார்கள். நம்ம ஊரில் பப்பாளித் தோட்டத்தில் ஆண் மரத்தைப் பார்த்து வெட்டுகிற கை உள்ளவனுக்கு இது சட்டென்று புரியும். 1917இல் அந்த நவ்காவ் விவசாயிகள் கூட்டுறவு சங்கமே வைத்து நடத்தினார்கள். கஞ்சாவுக்குக் கூட்டுறவு சங்கம்! நம்ம பால் சொசைட்டி மாதிரி.

அப்புறம் எப்படித் தடை வந்தது? எங்க மாநிலத்தில் அது மதுவிலக்கோடு சேர்ந்தே வந்தது. 1937இல் ராஜாஜி சேலத்தில் ஆரம்பித்த மதுவிலக்குச் சட்டம் கள்ளு, சாராயத்தோடு கஞ்சாவையும் சேர்த்தே பிடித்தது. 1971இல் மதுவிலக்கைத் தளர்த்தினார்கள், கள்ளும் சாராயமும் திரும்ப வந்தது, மூடினார்கள், திறந்தார்கள், கடைசியில் 2003இல் இருந்து சர்க்காரே கடை வைத்து விற்கிறது. கஞ்சா மட்டும் திரும்ப வரவில்லை. இதில் எது நியாயம் எது அநியாயம் என்று நான் சொல்லவரவில்லை. ஒரே சட்டத்துக்குள் ஒன்றாக உட்கார்ந்திருந்த இரண்டில், ஒன்று சர்க்கார் வருமானம், இன்னொன்று பத்து வருஷம் ஜெயில்.

டில்லிக் கதை வேறு. 1961இல் ஐ.நா.வில் போதைப்பொருள் ஒப்பந்தம் வந்தது. கஞ்சாவை அபின், ஹெராயின் வரிசையில் வைத்தார்கள். இந்தியா மாதிரி பழக்கம் உள்ள நாடுகளுக்கு நிறுத்திக்கொள்ள 25 வருஷம் தவணை கொடுத்தார்கள். வெறும் இலையும் விதையும் ஒப்பந்தத்தில் சொல்லும் கஞ்சாவில் சேராது என்றும் எழுதிக்கொண்டார்கள். வடக்கே ஹோலிக்கு பங்கி குடிக்கிறவர்கள் தப்பித்தது அதனால்தான். தவணை முடியும் நேரம் வந்ததும் 1985இல் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தைக் கொண்டுவந்தார்கள். ஆகஸ்ட் கடைசியில் மசோதா, செப்டம்பர் 16 ஜனாதிபதி கையெழுத்து, நவம்பர் 14 அமல். எனக்கு அப்போ ஹைஸ்கூல் வயசு, குழந்தைகள் தினத்துக்கு மிட்டாய் கொடுத்தது ஞாபகம் இருக்கு. அன்றைக்கு இப்படி ஒரு சட்டம் நடைமுறைக்கு வந்தது என்று ஊரில் ஒருத்தருக்கும் தெரியாது. 1893இல் 70 கேள்வி கேட்டார்கள். 1985இல் ஒன்றுகூட வரவில்லை.

அந்தச் சட்டம் முதலில் பெரும்பாலும் அளவு பார்க்காமல் தண்டனை வைத்திருந்தது. 2001 திருத்தத்தில்தான் அளவுக்குத் தக்கபடி தண்டனையைப் பிரித்தார்கள். கஞ்சா 1 கிலோ வரை சிறிய அளவு, ஒரு வருஷம் வரை ஜெயில் அல்லது அபராதம் அல்லது இரண்டும். 20 கிலோவைத் தாண்டினால் வியாபார அளவு, குறைந்தது 10 வருஷம், ஜாமீன் லேசில் கிடைக்காது. வயலில் செடி வைத்தால் 10 வருஷம் வரை போகலாம். அதே சட்டத்தில், நாருக்கும் விதைக்கும் மட்டும் பயிர் செய்ய அரசு அனுமதி கொடுக்கலாம் என்று 14வது பிரிவு இருக்கிறது. முப்பது வருஷத்துக்கு மேல் தூசி படிந்து கிடந்ததை 2018இல் உத்தரகாண்ட் எடுத்து முதல் லைசென்ஸ் கொடுத்தது.

வெளிநாட்டில் ஜன அபிப்பிராயம் எப்படி மாறியது என்பதற்குக் கணக்கு இருக்கு. அமெரிக்காவில் காலப் என்ற கம்பெனி 1969இல் கேட்டபோது சட்டப்பூர்வமாக்கலாம் என்றவர்கள் 100க்கு 12 பேர். 2023இல் 70 பேர். அங்கே ஓட்டுப் போட்டே மாற்றினார்கள். கலிபோர்னியாவில் 1972இல் ஓட்டுக்கு விட்டார்கள், தோற்றது. 1996இல் மருத்துவத்துக்கு மட்டும் என்று கேட்டபோது ஜெயித்தது. தாய்லாந்து 2022இல் திடீரென்று திறந்துவிட்டு, 2025இல் டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாது என்று பின்வாங்கியது. திறக்கிறவன் எல்லாம் யோசித்துத் திறக்கிறான் என்றும் சொல்ல முடியாது.

நம்ம நாட்டில் 2018இல் எய்ம்ஸ் டாக்டர்கள் வீடு வீடாக எடுத்த கணக்கு ஒன்று உண்டு, 2019இல் வெளியானது. 10 வயசிலிருந்து 75 வயசு வரை, கடந்த ஒரு வருஷத்தில் பங்கி, கஞ்சா, சரஸ் ஏதாவது எடுத்தவர்கள் சுமார் 3 கோடியே 10 லட்சம் பேர். மது குடிக்கிறவர்கள் 16 கோடி. ஆனால் அது எத்தனை பேர் எடுக்கிறார்கள் என்ற கணக்கு. சட்டம் எப்படி இருக்கணும்னு நினைக்கிறீங்க என்று அதில் கேட்கவில்லை.

நான் கேட்டேன். சர்வே எல்லாம் இல்லை, டீக்கடையிலும் நூறு நாள் வேலைத் தளத்திலும் பேச்சுக் கொடுத்தேன், அவ்வளவுதான். ‘தளர்த்தலாமா?’ என்று கேட்டால் அடிக்க வருகிறார்கள். ஒரு அக்கா, பையன் பாலிடெக்னிக் படிக்கப்போன இடத்தில் பிடித்துக்கொண்டு வந்த பழக்கம், சொன்னாங்க: “விக்கறவன நடுரோட்டுல நிக்க வச்சாலும் எனக்கு ஆத்திரம் அடங்காது தம்பி. நீ என்ன சட்டம் கிட்டம்னு பேசிக்கிட்டிருக்க.” பக்கத்து ஊரில் இன்னொரு வீடு. பையன் சட்டைப்பையில் சின்னப் பொட்டலம், கேஸ் ஆச்சு. வக்கீலுக்கும் கோர்ட்டுக்குமாக அரை ஏக்கர் போச்சு. எழுதின பரீட்சையில் பாஸ் பண்ணியும் போலீஸ் விசாரணையில் கேஸைக் காட்டி வேலை நின்றுபோச்சு. அவன் அப்பா தளர்த்தச் சொல்லவில்லை. “வித்தவன் வெளிய சுத்தறான், வாங்குன என் புள்ள வீட்ல கெடக்கறான்” என்றார். பேப்பரில் ‘கஞ்சா வேட்டை’ என்று போலீஸ் நடத்தினது 2021 கடைசியில். ஆந்திரா, ஒடிசா மலையிலிருந்து வருகிற சரக்கு அதற்கப்புறமும் வந்துகொண்டுதான் இருக்கு.

இந்த இரண்டு வீட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், எங்க ஜனங்கள் கடை திறக்கச் சொல்லவில்லை என்பது தெளிவு. டாஸ்மாக்கைப் பார்த்தவர்கள் இன்னொரு கடை கேட்கமாட்டார்கள், எனக்கும் அதில் சம்மதம் இல்லை. ஆனால் பொட்டலத்தோடு மாட்டினவனை ஜெயிலுக்கு அனுப்பணுமா, ஆஸ்பத்திரிக்கு அனுப்பணுமா என்று கேட்டால், அதே அக்கா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “ஆஸ்பத்திரி எங்க இருக்கு? அதச் சொல்லு முதல்ல” என்றாங்க. எங்க தாலுகாவில் போதை மறக்க வைத்தியம் பார்க்க இடம் கிடையாது. கேள்வியை இரண்டாகப் பிரித்துக் கேட்டால் பதிலும் இரண்டாக வருது. அதற்குத்தான் 70 கேள்வி.

ஹிமாச்சலில் 2023இல் ஒரு கமிட்டி போட்டார்கள். மருந்துக்கும் நாருக்கும் கஞ்சாச் செடி பயிரிட விடலாமா என்று மாவட்டம் மாவட்டமாகப் போய் பஞ்சாயத்துக்காரர்களிடம் பேசினார்கள். 2024 செப்டம்பரில் சட்டசபை அறிக்கையை ஏற்றுக்கொண்டது. 2025 ஜனவரியில் பாலம்பூர், நௌனி விவசாயப் பல்கலைக்கழகங்கள் சோதனை முறையில் ஆராய்ச்சி செய்ய மந்திரிசபை அனுமதி கொடுத்தது. போதை குறைந்த ரகம் எந்த உயரத்தில் எப்படி வரும், நார் எவ்வளவு தேறும், பக்கத்துக் காட்டுச்செடி மகரந்தம் கலந்தால் என்ன ஆகும் என்பதெல்லாம் அங்கேதான் தெரியவரும். அது வந்ததும் மகளைப் படிக்கச் சொல்லி எழுதுகிறேன். நாளைக்கு மல்லாட்டை பிடுங்க ஆறு பேர் வர்றாங்க, விடிகாலை எழுந்திருக்கணும்.